உப்புச் சுரங்கத்துக்குள் ஒரு சூடு

அணுக்கழிவு என்றதும் நாங்கள் கதிர்வீச்சைப் பற்றித்தான் கதைக்கிறோம். அதன் சூட்டைப் பற்றிக் கதைப்பது குறைவு. உலையிலிருந்து எடுத்த எரிபொருள், கதிரியக்கச் சிதைவால் பல பத்தாண்டுகளுக்குச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். புதைத்தால் சுற்றியுள்ள பாறையும் சூடாகும்.

1957இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகம் உப்புப் படிவுகளைப் பரிந்துரைத்தது. உப்பு சூட்டை நன்றாகக் கடத்தும். சூடானால் மெல்ல நகர்ந்து வெடிப்புகளையும் மூடிவிடும். சரி, செய்தே பார்ப்போம் என்று 1965 முதல் 1967 வரை கன்சாஸ் மாநிலத்தின் லயன்ஸ் நகரில், கைவிடப்பட்ட உப்புச் சுரங்கமொன்றில் பயன்படுத்திய எரிபொருளையும் மின் ஹீற்றர்களையும் வைத்துச் சோதித்தார்கள். உப்பு தாங்கியது. ஆனால் அதற்குள் அடைபட்டிருந்த உவர்நீர்த் துளிகள் சூட்டை நோக்கி நகர்வதும் தெரியவந்தது.

1970இல் அணுசக்தி ஆணைக்குழு லயன்ஸைத் தெரிவுசெய்தது. கன்சாஸின் புவியியல் ஆய்வாளர்கள் விடவில்லை. சூடு பரவும் கணக்கு போதாது என்றார்கள். பழைய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளால் தண்ணீர் இறங்கினால் உப்பே கரைந்துவிடாதா என்றும் கேட்டார்கள். பக்கத்துச் சுரங்கத்தில் உப்பைக் கரைக்கச் செலுத்திய பெருமளவு நீர் எங்கே போனதென்றே தெரியவில்லை. 1972இல் லயன்ஸ் கைவிடப்பட்டது.

கீழே சூட்டை அவ்வளவு கவனமாக அளந்தவர்கள், மேலே எத்தனை துளைகள் என்று முதலே எண்ணியிருக்கலாம். எந்த ஊருக்கு இப்படியொரு திட்டம் வந்தாலும், "எவ்வளவு சூடு?" என்பதோடு "இந்த நிலத்தைத் தெரிந்த ஆக்களிட்டக் கேட்டீங்களா?" என்றும் நாங்கள் கேட்கவேணும்.