கறிவேப்பிலைச் செடிக்குப் போன மாத்திரைகள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலை அப்படிச் செழித்ததற்கு அரசாங்கம்தான் காரணம் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். 1979இல் என்னைச் சுமந்தபோது நர்ஸம்மா கொடுத்துவிட்டுப் போன சத்து மாத்திரைகள் அத்தனையும் அதன் வேருக்குத்தான் போயின. ஒன்றைக்கூட அம்மா வாயில் போடவில்லை.

மருந்தை இடையில் நிறுத்தியவர்களையும் தொடங்காமலே இருந்தவர்களையும் மருத்துவ ஆய்வாளர்கள் இப்போது தனித்தனியாகப் பார்க்கிறார்கள். நிறுத்தியவருக்கு அந்த மருந்தோடு ஓர் அனுபவம் இருக்கிறது. தொடங்காதவரோ அது உடலுக்குள் போகும் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்த முடிவை அறியாமை என்று எழுதிவிட்டுக் கடந்துபோவது சுலபம். எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை இல்லை.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. இரண்டாவது பொருளின் கதை பெண்களிடமிருந்து தொடங்குகிறது. 1928இல் இந்தியா வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாய் ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளின் கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். இரத்தத்தைப் பரிசோதித்ததோடு நிற்கவில்லை. அந்தப் பெண்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் விசாரித்தார். 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், நாம் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். அதில் இருந்த சத்துக்குத்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

1970இல் இந்திய அரசு இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது அந்த விசாரிப்பு காணாமல் போயிருந்தது. 60 மில்லிகிராம் இரும்பு, அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலம், 100 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து துணை நிலையத்துக்கு, அங்கிருந்து செவிலியரின் பைக்கு, பைக்குள்ளிருந்து பெண்ணின் கைக்கு. பதிவேடு அந்தக் கையோடு நின்றுவிட்டது. 1980களின் நடுவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மதிப்பிட்டபோது இரத்தசோகை குறைந்திருக்கவில்லை. 1990களில் இரும்பின் அளவை 100 மில்லிகிராமாக உயர்த்தினார்கள். விழுங்காதவளுக்கு 60 என்ன, 100 என்ன?

அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். முதல் பதில், "வயித்துப்புள்ள பெருத்துடும்னு ஒங்க அப்பாயி சொல்லுச்சு." தென்னிந்தியக் கிராமங்களில் ஆய்வாளர்கள் பலமுறை கேட்ட பதில்தான் இது. வீட்டில்தான் பிரசவம், அறுவை செய்யும் டாக்டர் இருக்கும் ஊருக்குப் போக மாட்டுவண்டி. அந்த நிலையில் பெரிய பிள்ளைக்குப் பயப்படுவதில் என்ன மூடத்தனம்? கருத்த மாத்திரை, பிள்ளை கருத்துவிடும் என்பதும் இருந்தது. நிறத்தின் மீதான நம் வெறிக்கு வேறொரு கட்டுரை வேண்டும்.

அடுத்த பதிலை அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். மாத்திரை தின்ற பக்கத்து வீட்டு அத்தைக்கு மலம் கறுத்துப் போனதாம், வயிறும் கட்டிக்கொண்டதாம். இரும்பு அப்படித்தான் செய்யும், ஆபத்தில்லை. ஆனால் அதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. கழிப்பறை இல்லாத ஊரில் பெண்களுக்கு விடிவதற்கு முன் ஒரு பொழுது, இருட்டிய பின் ஒரு பொழுது. அதற்குள் வயிறு ஒத்துழைக்க வேண்டும். எந்தத் திட்ட வரைவிலாவது இந்தக் கணக்கு இருந்திருக்குமா?

மூன்றாவது காரணத்தை நானாகத்தான் சேர்த்துப் புரிந்துகொண்டேன். நெருக்கடி நிலையின்போது, 1976–77 என்ற ஒரே ஆண்டில், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆட்சி மாறிய பிறகு அந்தச் சுமை அப்படியே பெண்கள் பக்கம் நகர்ந்தது. சத்து மாத்திரை கொண்டுவந்த அதே நர்ஸம்மாதான் ஆபரேஷனுக்குக் 'கேஸ்' பிடிக்கவும் வீடு வீடாக ஏறினார். அவருக்கும் இலக்கு இருந்தது. அது கைவிடப்பட்டது 1996இல்தான். "சும்மா குடுக்குறாங்கன்னா எதுக்குன்னு யோசிக்க மாட்டியா?" என்றார் அம்மா. யோசித்திருக்கிறார். அதைத்தான் அறியாமை என்று எழுதினோம்.

இந்த மறுப்பைக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் தங்கை, என் சித்தி, இரண்டாவது பிரசவத்தில் இரத்தப்போக்கில் போய்ச் சேர்ந்தார். வெளுத்த நகங்களோடு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர். உடம்பில் இரத்தம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். சித்தி வீட்டு அடுக்குப் பானையிலும் பிரிக்காத மாத்திரைப் பொட்டலங்கள் இருந்தன.

2019–21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. 100 நாளாவது மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்ன தாய்மார் 44.1 சதவீதம். 'சொன்ன' என்ற வினையெச்சத்தை, மன்னிக்கவும், பெயரெச்சத்தை, மாணவிகள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தபோது நானும் கர்ப்பமானேன். மசக்கை. தண்ணீர்கூடத் தங்கவில்லை. அம்மாவின் காரணங்களில் ஒன்றுகூட எனக்கு இல்லை. ஆனாலும் முதல் அட்டை பிரிக்கப்படாமலே கைப்பையில் கிடந்தது. அந்தக் கூட்டத்தில் என்னிடம் யாரும் என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் போனேன்.

"மாத்திரை எடுத்துக்கிறீங்களா?" என்று செவிலியர் தலை நிமிராமல் கேட்டார்.

"எடுத்துக்கிறேன் சிஸ்டர்."

அட்டையில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.