முதுகொடிக்கும் சங்கீதம்

பாடகருக்கு ஒரு மைக் போதும். கிட்டார்காரர் உறையை முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில்கூடப் போய்விடலாம். கச்சேரி முடிந்து, கைகொடுத்து, எல்லோரும் கிளம்பிய பிறகும் மேடையில் இரண்டு பேர் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். எந்த ஊர் இசைக்குழுவாக இருந்தாலும் சரி. ஒருவர் டிரம்ஸ் வாசிக்கிறவர். இன்னொருவர் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்.

பேஸ் கிட்டார் தெரியுமல்லவா? எண்பதுகளின் இளையராஜா பாடல்களில், மெட்டுக்கு அடியில் தனியாக ஒரு ராஜபாட்டை போட்டுக்கொண்டு தும் தும் என்று நடந்து போகுமே, அதுதான். கருவி என்னவோ 4 கிலோதான். அதற்குச் சத்தம் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதே, அதுதான் ஆளைச் சாய்க்கிற சமாசாரம். இடுப்பு போனதால் கச்சேரிக்குப் போவதையே குறைத்துக்கொண்ட பேஸ் கலைஞர்கள் உலகமெங்கும் உண்டு. விரல் நன்றாக இருக்கும். காது நன்றாக இருக்கும். மாடிப்படிதான் எதிரி.

இன்றைக்கு ஒரு கிலோகூட இல்லாத ஆம்ப்ளிஃபயர் கடையில் கிடைக்கிறது. வாங்கலாமா, கூடாதா? பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு எண்பது வருடக் கணக்கைப் பார்த்துவிடலாம். நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் வரவு வந்தால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே ஆகவேண்டும் என்று மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கதையில் அது பொய்க்கவே இல்லை.

மின்சாரம் வருவதற்கு முன்னால் அமெரிக்க நடனக் குழுக்களில் பேஸ் என்றால் டபுள் பேஸ். ஆள் உயர வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்குவது கஷ்டம், காரில் ஏற்றுவது அதைவிடக் கஷ்டம். நாய்க் கூண்டு என்றுதான் செல்லமாகத் திட்டுவார்கள். இத்தனைக்கும் டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்து அடிக்கிற கூச்சலில் அது காதில் விழவே விழாது. உடம்பு முழுக்க வேர்த்துக் கொட்ட வாசிப்பார் மனிதர். ஹாலின் பாதியைத் தாண்டினால் ஊமைப் படம்.

1930களில் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர் கிட்டார் மாதிரி படுக்கவாட்டில் பிடித்து வாசிக்கிற ஒரு மின்சார பேஸைச் செய்துவிட்டார். யாரும் சீந்தவில்லை. 1946ல் எவரெட் ஹல் என்கிற பேஸ் கலைஞர் வேறு வழி பார்த்தார். டபுள் பேஸ் தரையில் ஊன்றி நிற்பதற்கு அடியில் ஒரு முளை இருக்குமில்லையா? அதில் ஒரு மைக்கைப் பொருத்தினார். முளைக்கு ஆங்கிலத்தில் பெக். ஆம்ப்ளிஃபையும் பெக்கும் சேர்ந்து ஆம்பெக் என்று கம்பெனிக்குப் பெயர் வந்தது.

சத்தத்துக்கு ஹல் வழி சொல்லிவிட்டார். நாய்க் கூண்டைத் தூக்குகிற கஷ்டத்துக்கு வழி சொன்னவர் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்கிற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். இவர் படித்தது கணக்கியல். பார்த்த உத்தியோகமும் கணக்கு எழுதுவது. பொருளாதார மந்தத்தில் வேலை போனது. 1938ல் 600 டாலர் கடன் வாங்கிக் கடை திறந்தார். கடைசி வரை அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் ரிப்பேருக்கு வருகிற கலைஞர்கள் புலம்புவதைக் காதுகொடுத்துக் கேட்கத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

1951ல் பிரிசிஷன் பேஸ் வந்தது. தோளில் மாட்டிக்கொள்ளலாம். கழுத்தில் கிட்டார் மாதிரியே கட்டைகள் இருந்ததால் சுருதி துல்லியமாக விழும். அதனால்தான் அந்தப் பெயர். கருவியின் கனம் ஒரே அடியில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

சந்தோஷமா? இனிமேல்தான் பற்றுக் கணக்கு. டபுள் பேஸுக்குள் காற்றை அசைக்க ஒரு பெரிய மர வயிறு இருந்தது. இந்தப் புதுக் கருவியோ ஒரு மரப் பலகை. சொந்தமாகச் சத்தம் கிடையாது. ஆக, அந்த வயிற்றைத் தனியாக ஒரு பெட்டியாகச் செய்து கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. 1952ல் ஃபெண்டர் கொண்டுவந்த அந்தப் பெட்டிக்கு பேஸ்மேன் என்று பெயர். உள்ளே 15 அங்குலத்தில் ஒரு ஸ்பீக்கர். பின்னாளில் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் நான்காக மாறியது. வேடிக்கை என்னவென்றால், பேஸ்காரர்களைவிட கிட்டார்காரர்கள்தான் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் அதே சர்க்யூட்டைப் பார்த்துத்தான் முதல் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார்கள். பேஸுக்காகப் பிறந்த குழந்தையை ராக் கிட்டார் தத்தெடுத்துக்கொண்டது!

பேஸ்காரருக்கென்றே அமைந்தது, 1960ல் ஆம்பெக்கில் ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த பி-15. சத்தம் போடுகிற பெட்டியின் தலையில் வால்வுகள் உள்ள பாகம் உட்கார்ந்திருக்கும். கச்சேரி முடிந்தால் அதை அப்படியே தலைகீழாகத் திருப்பி உள்ளே இறக்கி மூடிவிடலாம். ஒலிப்பதிவு அறைகளிலும் சின்ன கிளப்களிலும் அதுதான் ராஜா. வெறும் 25 வாட்!

இருபத்தைந்து வாட் எங்கே, இன்றைக்குக் கடைக்காரர் சொல்கிற ஐந்நூறு வாட் எங்கே என்று கேட்கிறீர்களா? ரசிகர்கள் பெருகியதுதான் காரணம். 1965ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மேடையில் இருந்தவை 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள். ரசிகைகளின் கூச்சலில் அவை எடுபடவே இல்லை. இனி அசுரர்கள் வேண்டும் என்று ஆயிற்று. ராக் அண்ட் ரோல் என்றாலே முகம் சுளிக்கிற எவரெட் ஹல் கம்பெனியை விற்றுவிட்டுப் போன பிறகு, 1969ல் ஆம்பெக் எஸ்.வி.டி. பிறந்தது. 300 வாட். 14 வால்வுகள். அந்த வருடம் ரோலிங் ஸ்டோன்ஸின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்திலேயே அரங்கேற்றம். அதன் வழி வந்த எஸ்.வி.டி. கிளாசிக் மாடலில் தலைப்பாகம் மட்டும் 36 கிலோ. கூட வைக்கிற எட்டு ஸ்பீக்கர் பெட்டி 63 கிலோ. கூட்டிக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட ஒரு மூட்டை அரிசி, அதற்கு மேல் ஒரு மனிதர்.

ரோலிங் ஸ்டோன்ஸுக்கு என்ன கவலை? தூக்குவதற்கு ஆள் உண்டு, ஏற்றுவதற்கு லாரி உண்டு. அதோடு, பெரிய மேடைகளில் பேஸின் சத்தத்தை நேரடியாக அரங்கத்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பிவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. மேடையில் இருக்கிற பெட்டி, வாசிக்கிறவர் தன் காதுக்குக் கேட்டுக்கொள்ள மட்டும்தான். ஐம்பது பேர் உட்காருகிற சின்ன ஹாலில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அங்கே பேஸின் முழுப் பொறுப்பும் அந்த ஒரே பெட்டியின் தலையில். அதாவது, தூக்க ஆள் இருக்கிறவருக்குப் பெரிய பெட்டி தேவையில்லை. தேவைப்படுகிறவருக்குத் தூக்க ஆள் இல்லை. இந்த அநியாயத்தில்தான் நம் கதையின் முடிச்சே இருக்கிறது.

அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே? இரும்பு. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ஸ்டெபிலைசரைத் தூக்கிப் பார்த்தால் புரியும். அந்தக் கனம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் செம்பும். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. அமெரிக்காவில் 60. அவ்வளவு நிதானமாக வருகிற மின்சாரத்தைக் கையாள டிரான்ஸ்ஃபார்மரில் நிறைய இரும்பு வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் இந்த மாதிரி இரண்டு. ஒன்று உள்ளே வருகிற மின்சாரத்துக்கு, இன்னொன்று ஸ்பீக்கருக்குப் போகிற வழியில். டிரான்சிஸ்டர் வந்ததும் இரண்டாவது ஒழிந்தது. முதலாவது பல காலம் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தது.

எழுபதுகளில் கலிஃபோர்னியாவில் வால்டர் வுட்ஸ் என்பவர், கையில் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி ஆம்ப்ளிஃபயர்களைத் தன் கையாலேயே செய்து கொடுத்தார். ஜாஸ் கலைஞர்கள் காத்திருந்து வாங்கினார்கள். ஊருக்கே அந்த வசதி வந்து சேர இன்னும் முப்பது வருடம் ஆனது. மூன்று விஷயங்கள் கூடி வரவேண்டியிருந்தது.

ஒன்று, உங்கள் செல்போன் சார்ஜர் வேலை செய்கிற முறை. வருகிற மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுத்தால் குட்டி டிரான்ஸ்ஃபார்மரே போதும். இரண்டு, டி வகுப்பு என்கிற ஆம்ப்ளிஃபயர். பழைய ஃபேன் ரெகுலேட்டர் தொட்டால் சுடும். மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கிற ஜாதி. புதிய எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அப்படிச் சுடுவதில்லை. இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். சூடு குறைவு. எனவே சூட்டைக் கடத்துகிற கனமான அலுமினியத் துண்டுகளுக்கு வேலை குறைவு. மூன்று, நியோடைமியம் காந்தம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிடோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. சின்னத் துண்டு, அபார இழுப்பு. ஸ்பீக்கரின் பின்னால் இருந்த கனத்த காந்தம் சுருங்கிப் போனது.

2000களின் தொடக்கத்தில் இத்தாலியின் மார்க்பேஸ், 3 கிலோவுக்குள் 500 வாட் கொடுத்தது. 2010களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேலியன் க்ரூகர், 200 வாட்டை ஒரு கிலோவுக்கும் கீழே கொண்டுவந்தது. சாப்பாட்டு டப்பா சைஸ். அசுரன் ஒருவழியாகத் தோற்றான்.

தோற்றானா? வரவு எழுதியாயிற்று. பற்றைப் பார்ப்போம்.

பேஸின் மிக அடியில் இருக்கிற கம்பி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. காற்றில் அந்த ஒரு அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். போதாததற்கு, மனிதக் காது தாழ்ந்த சுருதிகளுக்குக் கொஞ்சம் செவிடு. 1933லேயே பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிவிட்டார்கள். நிறையக் காற்றை அசைத்தால்தான் பேஸ் காதில் விழும். கே.எல்.ஹெச். என்ற ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் வருகிற ஹெச் யார் தெரியுமா? ஆண்டன் ஹாஃப்மன். புகழ்பெற்ற பியானோ மேதையின் மகன். அறுபதுகளில் அவர் சொன்ன விதிக்கு இரும்பு விதி என்றே பெயர். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம். மூன்றில் ஏதாவது இரண்டைக் கேள், மூன்றாவதைக் கேட்காதே. பிறகு ஆஸ்திரேலியாவில் தீல், ஸ்மால் என்கிற இரு பொறியாளர்கள் அதை முழுக் கணக்காகவே போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்குப் போட்ட கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் இளைத்துவிட்டது. காற்று இளைக்கவில்லை.

எனவே, வாங்கப் போகிறவர் நீங்களோ உங்கள் பிள்ளையோ என்றால், கடையில் வாட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். சத்தம் இரண்டு மடங்காகக் காதில் விழ, வாட் சுமார் பத்து மடங்காக வேண்டும். 300 வாட்டுக்கும் 500 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 2.2 டெசிபல். காது லேசாகத் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். தவிர, அட்டையில் போட்டிருக்கிற 500 வாட் பெரும்பாலும் 4 ஓம் கணக்கு. நீங்கள் ஒரே ஒரு 8 ஓம் பெட்டியை மாட்டினால் ஏறக்குறைய பாதிதான் வெளியே வரும். மாறாக, ஸ்பீக்கர் பெட்டியின் சென்சிட்டிவிட்டி எண்ணைப் பாருங்கள். அது 94லிருந்து 97 டெசிபலாக இருந்தால், வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். இலவசமாக!

சின்னக் கச்சேரிக்கு 200, 300 வாட் தலைப்பாகமும், 12 அங்குல நியோடைமியம் ஸ்பீக்கர் உள்ள ஒரு நல்ல பெட்டியும் போதும். பணத்தின் பெரும்பகுதியைப் பெட்டியில் போடுங்கள். கடையில் தனியாக வாசித்துப் பார்த்து மயங்க வேண்டாம். டிரம்ஸோடு சேர்ந்து கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு கையால் தூக்கி ஒரு மாடி ஏற முடிகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு பற்று பாக்கி இருக்கிறது. லியோ ஃபெண்டர் ரிப்பேர்காரர். தன் ஆம்ப்ளிஃபயர்களை இன்னொரு ரிப்பேர்காரர் திறந்து பார்ப்பார் என்று தெரிந்தே செய்தார். அதனால்தான் அறுபது, எழுபது வருடத்துப் பெட்டிகள் இன்றும் பாடிக்கொண்டிருக்கின்றன. இன்றைய ஒரு கிலோ டப்பாவில் பெரும்பாலும் எறும்பு சைஸ் பாகங்களை ஒட்டிய ஒரே பலகை. கெட்டால் பலகையையே மாற்ற வேண்டும். அந்தப் பலகையை அன்றைக்கும் யாராவது செய்துகொண்டிருக்க வேண்டும். காந்தத்தின் கதையும் அப்படித்தான். 2010ல் சீனா அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியைச் சுருக்கியபோது, அடுத்த வருடமே நியோடைமியம் விலை பல மடங்கு எகிறியது. எங்கோ ஒரு நாட்டின் சுங்கச் சாவடி, இந்த ஊர் பேஸ்காரரின் இடுப்போடு சம்பந்தப்பட்டுவிட்டது.

அப்படியானால் பழைய இரும்பையே கட்டிக்கொண்டு அழலாமா? வேண்டாம். பலகையை மாற்றிவிடலாம். ஐம்பது வயதில் முதுகெலும்பில் தேய்ந்துபோன தட்டை அவ்வளவு சுலபமாக மாற்றிவிட முடியாது. லேசானதையே வாங்குங்கள். என்ன விலைக்கு லேசானது என்று தெரிந்து வாங்குங்கள். பில்லோடு, வாரண்டி அட்டையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.