மூளையை ஒட்டும் பசை

வண்ணமீன் கடைகளில் நீலக் கோடுகளுடன் துள்ளும் ஜீப்ரா மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கங்கைச் சமவெளி நீர்நிலைகளுக்குரிய மீன் அது. 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்ட்டன் தம் நூலில் விவரித்தார். அதன் கரு கண்ணாடி போல் ஒளி ஊடுருவுவது. கருவுற்ற ஒரே நாளில் மூளையின் பகுதிகள் உருவாவதை நுண்ணோக்கியில் காணலாம்.

செல்கள் நகர்ந்து நரம்புக் குழாயாகத் திரளும்போது அவற்றைப் பிடித்து வைப்பது எது? செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள்தாம். கால்சியம் இருந்தால் மட்டுமே ஒட்டும் ஒரு வகைக்கு, ஜப்பானிய அறிஞர் மசத்தோஷி தாக்கேச்சி 1984-இல் 'கேட்ஹீரின்' எனப் பெயரிட்டார். நரம்புத் திசுவில் உள்ளது என்-கேட்ஹீரின். ஜீப்ரா மீனில் இதன் மரபணு பழுதானால் நேர்வது என்ன என்பது 2002-இல் வெளியாயிற்று. செல்கள் இருந்தன, ஆனால் நடுக்கோட்டை நோக்கிச் சரிவரத் திரளவில்லை. நரம்புக் குழாயின் ஒழுங்கே குலைந்தது.

ஒட்டும் திறன் புரதத்தின் வடிவத்தைப் பொறுத்தது. புரத வடிவங்களை எடைபோடும் முறையின் கதையோ நம் திருச்சியைத் தொடுகிறது.

மலைக்கோட்டைக்கு அருகிலுள்ள செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் ஜி. என். ராமச்சந்திரன். 1942-இல் பெங்களூர் சென்று சி. வி. ராமனிடம் சேர்ந்தார். ராமன் 1888-இல் பிறந்த திருவானைக்காவல், கல்லூரிக்கு வடக்கே, காவிரியைக் கடந்தால் வரும் ஸ்ரீரங்கத் தீவில்தான் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை!

1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜனுக்கு மூன்றிழைச் சுருள் வடிவத்தைக் கூறினர். கொலாஜன் என்ற பெயரே பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மறுத்தனர்: "அணுக்கள் இவ்வளவு நெருங்கி இருக்க இயலாது" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மூன்றிழை நிலைத்தது, நுணுக்கங்களில் திருத்தம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எவ்வளவு நெருங்கலாம்? மறுப்பையே ஆராய்ச்சியாக்கினார் ராமச்சந்திரன். அறியப்பட்ட படிகங்களில் அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவுகளைத் தொகுத்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய இணைப்புகள் இரண்டு. இந்த இரு கோணங்களையும் எப்படித் திருப்பினால் அணுக்கள் மோதும், எப்படித் திருப்பினால் மோதா என்று, சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, 1963-இல் ஒரு சதுரப் படமாக வெளியிட்டார். சதுரத்தின் பெரும்பகுதி தடைப்பட்ட இடம். அனுமதி பெற்றவை சில திட்டுகளே. அணுக்களைக் கெட்டியான கோலிக்குண்டுகளாகப் பாவித்த எளிய இயற்பியல் இது!

1995-இல் எக்ஸ் கதிர்களால் என்-கேட்ஹீரினின் நுனித் துண்டு படமாயிற்று. எதிரெதிர் மூலக்கூறுகள் தம் நுனியிழையை மாற்றி மாற்றி நீட்டிக் கோத்துக்கொள்வது தெரிந்தது. இன்று எந்தப் புரதத்தின் வடிவம் வெளியானாலும் ராமச்சந்திரன் படத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள்; தடைப்பட்ட இடத்தில் புள்ளிகள் மிகுந்தால் ஐயம் எழும். மூளை எப்படி வளர்கிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. அதற்கு மீனைத்தான் பார்க்க வேண்டும்.

கால்சியத்தின் வேலையும் பின்னர் விளங்கிற்று. கேட்ஹீரினின் துண்டுகள் சேரும் இடந்தோறும் மூன்று கால்சியம் அயனிகள் அமர்ந்து அதை விறைப்பாக நிறுத்துகின்றன. அவற்றை நீக்கினால் புரதம் துவண்டுவிடும், செல்கள் பிரிந்துவிடும்.