நகம் கடிக்கும் பிள்ளைகள்: அதட்டலிலிருந்து பயிற்சிக்கு

குழந்தைகள் நகம் கடிப்பதை மருத்துவர் கவனிக்க வேண்டிய விஷயமாக மாற்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பா. அதுவரை அது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பாகவே இருந்தது. அவர்கள் கையாண்ட வழி அச்சுறுத்தல். நகம் கடித்தால் தரித்திரம் பிடிக்கும் என்பது தமிழ் வீடுகளில் கேட்கும் அதட்டல். அதற்கும் அடங்காத பிள்ளையின் விரல் நுனியில் வேப்பெண்ணெய் தடவினார்கள். ஜெர்மனியில் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் என்ற மருத்துவர் 1845இல் வெளியிட்ட 'ஸ்ட்ரூவெல்பேட்டர்' படக்கதை நூலில், விரல் சப்பும் சிறுவனின் இரண்டு கட்டை விரல்களையும் ஒரு தையற்காரர் பெரிய கத்தரியால் நறுக்கிவிடுகிறார். தம்முடைய மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருவதற்கென்றே ஹோஃப்மன் அந்தக் கதைகளை எழுதினார். குழந்தையைத் திருத்த அச்சம் தவறில்லை என்று படித்தவர்களே நம்பிய காலம் அது.

மருத்துவம் தலையிட்டபோது முதலில் நன்மை விளையவில்லை. பாரிஸில் ஹிப்னாடிச சிகிச்சை அளித்துவந்த எட்கார் பெரில்லோன் 1890களில் நகம் கடித்தலைப் பற்றி விரிவாக எழுதினார். பரம்பரைச் சீரழிவின் அடையாளமாக அதைக் கருதிய அவர், குழந்தையை வசிய உறக்கத்தில் ஆழ்த்தி, கை வாய்க்குப் போகாது என்று மனத்தில் பதியவைக்க முயன்றார். வெறும் பழக்கம் ஒன்று குலக்குறையாகப் பார்க்கப்பட்டது அந்தப் பிள்ளைகளுக்கு நேர்ந்த அநீதி. பின்னர் வந்த உளப்பகுப்பாய்வாளர்கள் வாய்வழி இன்பம், அடக்கிய கோபம் என்று காரணம் தேடினார்கள். அதனாலும் பெற்றோருக்குப் பெரிய உதவி கிடைக்கவில்லை.

பள்ளிச் சுகாதாரக் கல்விதான் பார்வையை மாற்றியது. முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் தேசியக் காசநோய்ச் சங்கம் 'மாடர்ன் ஹெல்த் குருசேட்' என்ற இயக்கத்தைப் பள்ளிகளில் தொடங்கியது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன் கை கழுவினேன், நகத்தைச் சுத்தம் செய்தேன், பல் துலக்கினேன் என்று அன்றாட வேலைகள் அதில் வரிசையாக இருக்கும். விரல், பென்சில் போன்றவற்றை வாயிலும் மூக்கிலும் வைக்கவில்லை என்பதும் அவற்றுள் ஒன்று. செய்த வேலைக்கு நேரே அந்தந்த நாள் கட்டத்தில் பிள்ளையே குறியிட வேண்டும். போதுமான குறிகள் சேர்ந்தால், இடைக்கால ஐரோப்பிய வீரர்களின் படிநிலைகளைப் போலப் பேஜ், ஸ்கொயர், நைட் என்று பட்டங்கள் படிப்படியாகக் கிடைக்கும். காசநோய்க் கிருமி பரவாமல் தடுப்பதே இயக்கத்தின் முதல் நோக்கம். ஆனால் தன் கை என்ன செய்கிறது என்று பிள்ளையே கவனித்து எழுதியதுதான் அதன் பெரும் பேறு. அதே காலத்தில் 1918இல் தொடங்கிய குழந்தை நல அமைப்பு ஒன்று, 'சோ-சோ' என்ற கோமாளியைப் பள்ளிகளுக்கு அனுப்பிச் சிரிக்கச் சிரிக்கச் சுகாதாரம் சொல்லித் தந்தது.

இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மருத்துவப் பரிசோதனை 1909இல் பரோடாவில் தொடங்கியது. விடுதலைக்குப் பிறகு 1960இல் ரேணுகா ராய் தலைமையில் மத்திய அரசு ஒரு பள்ளிச் சுகாதாரக் குழுவை அமைத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலைப் பிரேயரின்போது பிள்ளைகள் இரு கைகளையும் நீட்ட, ஆசிரியர் நகம் பார்த்துக்கொண்டே வரிசையில் நடப்பது இன்றும் தொடரும் வழக்கம்.

நகத்தின் மீது இவ்வளவு கவனம் தேவைதான். கீரிப்பூச்சி எனப்படும் சிறு வெண்புழு இரவில் ஆசனவாயைச் சுற்றி முட்டையிடும். அரிப்பில் சொறியும் பிள்ளையின் நக இடுக்கில் அந்த முட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அதே நகத்தைக் கடிக்கும்போது அவை திரும்பவும் குடலுக்குள் போகும். பூச்சி மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை அழிக்காது. அதனால்தான் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மாத்திரை கொடுக்கிறார்கள். நகத்தை ஒட்டிய தோலைக் கடித்தால் நகச்சுற்று வந்து விரல் சீழ் கோக்கும்.

பழக்கத்திலிருந்து விடுவிக்கும் வழியும் இதற்கிடையே தெளிவாகியது. கசப்பு தடவும் பழைய முறை 1958இல் புதுப்பலம் பெற்றது. எடின்பரோவில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட டெனடோனியம் என்ற மிகக் கசப்பான பொருள் பிறகு நகப் பூச்சுகளில் சேர்க்கப்பட்டது. கசப்பு கையை வாயிலிருந்து எடுக்கவைக்கும். அடுத்து அந்தக் கை என்ன செய்வது என்று சொல்லித் தராது. அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் கிரெகரி நன்னும். 1973இல் அவர்கள் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சி எளிமையானது. எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை வாய்க்குப் போகிறது என்று முதலில் பிள்ளை கண்டுகொள்ள வேண்டும். கை எழும்போதே அதை முஷ்டியாக மூடியோ, பக்கத்தில் இருக்கும் பொருளைப் பற்றியோ சில நிமிடம் வைத்திருக்க வேண்டும். வீட்டார் குறை சொல்லாமல் நினைவூட்டிப் பாராட்ட வேண்டும்.

நகம் கடித்தலுக்கு மருத்துவர்கள் இன்று பரிந்துரைக்கும் முதன்மையான முறை இதுவே. வீட்டிலும் பள்ளியிலும் இதைச் செய்யப் பணம் தேவையில்லை. பிள்ளையை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தாமல் இருந்தால் போதும்.