கார்வேயின் ஜப்பான்: ஓர் ஒப்பீட்டின் வரலாறு

புணேயில் 1916ஆம் ஆண்டு ஐந்து மாணவியருடன் தொடங்கிய இந்திய மகளிர் பல்கலைக்கழகத்தின் முன்மாதிரி டோக்கியோவில் இருந்தது. அதை நிறுவிய தோண்டோ கேசவ் கார்வே, பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1893இல் கைம்பெண் ஒருவரை மணந்து, 1896இல் கைம்பெண்களுக்கென ஓர் இல்லமும் தொடங்கியவர். ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறு வெளியீடு ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. 1915இல் பம்பாயில் கூடிய சமூக மாநாட்டின் தலைமையுரையில், அதை முன்னிறுத்தியே இந்தியாவுக்கும் அத்தகைய நிறுவனம் தேவை என்று வாதிட்டார். அவர் ஜப்பானுக்குச் சென்றதோ 1929–30ஆம் ஆண்டுகளின் உலகப் பயணத்தில்தான். ஒப்பீடு முதலில் நிகழ்ந்தது. பயணம் பின்னரே வாய்த்தது.

அவ்வொப்பீட்டுக்கு அன்று வலுவான அடிப்படை இருந்தது. 1905இல் ரஷ்யாவை வென்ற ஆசியத் தீவு நாடு என்ற மதிப்பு ஒருபுறம், கல்வி மறுபுறம். 1872இல் கல்விச் சட்டம் இயற்றிய ஜப்பானில், 1910 அளவில் பத்துச் சிறுமியரில் ஒன்பது பேருக்கு மேல் தொடக்கப்பள்ளியில் சேர்க்கப்பட்டிருந்தனர். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவரே.

டோக்கியோ முன்மாதிரியிலிருந்து கார்வே இரண்டு கூறுகளை எடுத்துக்கொண்டார். ஒன்று, தாய்மொழிவழி உயர்கல்வி. ஆங்கிலம் கட்டாயப் பாடம் மட்டுமே. உருதுவழி உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918இல் தோன்றுவதற்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவு இது. மற்றொன்று, இல்லறக் கடமைகளைக் கருத்திற்கொண்ட தனிப் பாடத்திட்டம். முதலாவது தன் காலத்தை முந்தியது; இரண்டாவது தன் காலத்துக்குக் கட்டுப்பட்டது. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து ஒரே மூச்சில் வந்தவை என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

தாய்மொழிவழிக் கல்வி ஜப்பானுக்கும் இயல்பாக வாய்த்ததன்று. 1870களில் டோக்கியோவின் உயர்கல்வியில் அயல்நாட்டு ஆசிரியர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலுமே கற்பித்தனர். மொழிபெயர்ப்பும் கலைச்சொல்லாக்கமும் அரசின் பொருளுதவியும் சேர்ந்தே அந்நிலையை மாற்றின. கார்வேயிடம் அத்தகைய அரசு இல்லை. வீடு வீடாகத் திரட்டிய நன்கொடையும், 1920இல் விட்டல்தாஸ் தாக்கர்சி அளிக்க முன்வந்த 15 லட்சம் ரூபாயுமே அவருக்குத் துணை நின்றன. மராத்தியோடு குஜராத்தியும் பயிற்றுமொழியாக வேண்டியிருந்தது.

ஒப்பீட்டின் மறுபக்கம் இன்னும் சுவையானது. 1901இல் தொடங்கிய டோக்கியோ நிறுவனம் பெயரளவில்தான் பல்கலைக்கழகம். சட்டத்தின் பார்வையில் அது தொழிற்கல்லூரிக்கு நிகரான ஒரு சிறப்புப் பள்ளி. ஜப்பானியப் பேரரசுப் பல்கலைக்கழகங்களில் முதன்முதலாகப் பெண்கள் மூவர் சேர்க்கப்பட்டது 1913இல், தொஹோக்குவில். இந்தியாவிலோ, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் காதம்பினி கங்குலியும் சந்திரமுகி பாசுவும் 1883இலேயே பட்டம் பெற்றுவிட்டனர். புணேயின் டெக்கான் கல்லூரியில் கொர்னீலியா சோராப்ஜி படித்ததும் 1880களில்தான். எழுத்தறிவில் ஜப்பான் பல மடங்கு முன்னே நின்றது. பல்கலைக்கழக வாயிலைப் பொறுத்தவரை நம் நாடு முப்பது ஆண்டுகள் முந்தியிருந்தது. 'முன்னேறிய நாடு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்விரண்டு அளவுகோல்களும் அடங்கா.

டோக்கியோ நிறுவனத்தைத் தோற்றுவித்த நரூசே ஜின்சோவும் ஒரு பயணியே. 1890 முதல் 1894 வரை அமெரிக்காவில் கற்று, அந்நாட்டோடு தம் நாட்டை ஒப்பிட்டுத் தம் திட்டத்தை வகுத்தவர் அவர். கார்வே முன்மாதிரியாகக் கொண்ட நிறுவனமும் ஆக, மற்றோர் ஒப்பீட்டின் விளைவே.

டோக்கியோ நிறுவனம் முழுப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது 1948இல். புணேயில் பிறந்து பம்பாய்க்கு இடம்பெயர்ந்த கார்வேயின் நிறுவனத்துக்குச் சட்டப்படியான தகுதி கிட்டியது 1951இல். வளமான தீவுக்கும் அடிமை நாட்டுக்கும் இடையே எவ்வளவோ தொலைவு இருந்தும், பெண்களின் பட்டத்துக்கு அரசு மதிப்பளிப்பதில் இடைவெளி மூன்றே ஆண்டுகள். நாடுகளை ஒப்பிடும் ஆய்வாளர், எந்த நாடு முன்னே நின்றது என்று கேட்பதற்கு முன், அந்த நாட்டில் யார் முன்னே நின்றார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.