குடும்பத்தலைவி, வயது 49

இரண்டாம் உலகப் போர்னு சொன்னதும் ஹிட்லர், சர்ச்சில்னு ஆரம்பிக்கறதுதான் வழக்கம். இன்னைக்கு நான் உங்களைக் கூட்டிட்டுப் போறது ஒரு சமையலறைக்கு. இங்கிலாந்தின் வடமேற்கில் பாரோ-இன்-ஃபர்னஸ் என்ற கப்பல் கட்டும் ஊர். அங்கே நெல்லா லாஸ்ட் என்ற அம்மா. கணவர் வில் தச்சர், இரண்டு பையன்கள்.

1939ல் மாஸ் அப்சர்வேஷன் என்ற ஆய்வு அமைப்பு, சாதாரண மக்களிடம் டைரி எழுதி அனுப்பச் சொன்னது. நெல்லாவும் எழுத ஆரம்பித்தார். கையெழுத்துக்குப் பதில் அவர் போட்டது: 'குடும்பத்தலைவி, 49'. அவ்வளவுதான் அடையாளம்!

போருக்கு முன்னால் நரம்புத் தளர்ச்சியால் முடங்கிப்போனவர் அவர். அதிகம் பேசாத கணவருக்கு, மனைவி வீட்டிலேயே இருந்தால் போதும். அந்த வீட்டிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது டபிள்யூ.வி.எஸ். என்ற பெண்கள் தன்னார்வச் சேவை. 1938ல் லேடி ரீடிங் தொடங்கியது; போர்க்காலத்தில் பத்து லட்சம் பெண்கள் வரை அதில் இருந்தார்கள். சம்பளம் கிடையாது.

நெல்லா அங்கே துணி தைத்தார், கேன்டீனில் சிப்பாய்களுக்கு டீ கொடுத்தார், போர்க்கைதிகளுக்குப் பார்சல் அனுப்பப் பணம் திரட்டும் செஞ்சிலுவைக் கடையில் நின்றார். கந்தல் துணியிலேயே பொம்மை செய்வார். வீட்டில் ரேஷன். 1940 ஜனவரியில் பேக்கன், வெண்ணெய், சர்க்கரையில் தொடங்கியது, அடுத்த வருஷம் துணிக்கும் வந்தது. முட்டைக்காகக் கோழி வளர்த்தார். கோழி வளர்த்தா கடை முட்டையை விட்டுக்கொடுக்கணும், பதிலுக்குத் தீவனம் கிடைக்கும். நம்ம ஊர் அம்மாக்கள் மாதிரியே, எதையும் வீணாக்காம சமைக்கறதுல அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

1941 ஏப்ரல், மே மாதங்களில் பாரோ மீது குண்டுகள் விழுந்தன. நெல்லா வீடும் சேதமானது. சின்னப் பையன் கிளிஃப் ராணுவத்தில். பயம் இல்லாத நாளே இருந்திருக்காது.

ஆனா என்னை உலுக்கினது வேற விஷயம். இந்தப் பயத்துக்கு நடுவுலதான் அவர் தேறி வர்றார். வீட்டில் எதிர்த்துப் பேச ஆரம்பிக்கிறார். இத்தனை வருஷம் ஒருத்தருக்கு அடங்கி நடந்தோமே என்ற கோபத்தை டைரியில் கொட்டுகிறார். 1945ல் ஊரே கொண்டாடும்போது, இனி நாம் யாருக்குத் தேவைப்படுவோம் என்ற கவலை அவருக்கு. போர் வேணும்னு யாராவது நினைப்பாங்களா? அவரும் நினைக்கலை. போனா அந்த வேலையும் போயிடுமேன்னுதான்.

கேன்டீன் போச்சு, கடையும் போச்சு. டைரியை மட்டும் அவர் விடவில்லை. 1966 வரை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்.