இருப்பும் உரிமையும்: திருவண்ணாமலையில் பக்தியும் நாத்திகமும்

1957 பொதுத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாகப் போட்டியிட்டு மக்களவைக்கு இருவரை அனுப்பியது. ஒருவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத்; மற்றவர் திருவண்ணாமலையில் வென்ற இரா. தருமலிங்கம். கடவுள் மறுப்பை முழங்கிய இயக்கத்தின் வயிற்றில் பிறந்த கட்சிக்குத் தொடக்கத்திலேயே தோள்கொடுத்த தொகுதிகளுள் ஒன்று, பஞ்சபூதத் தலங்களில் அக்கினித் தலமாக வணங்கப்படும் ஊர். வாக்காளர் அரசியலை வேறாகவும் பக்தியை வேறாகவும் வைத்துக்கொண்டார் என்பது வழக்கமான விளக்கம். அது பிழையன்று, ஆனால் போதாது. தமிழ்நாட்டில் நாத்திகம் எதை மறுத்தது, எதை மறுக்காமல் விட்டது என்பதைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த ஊரின் நடப்பு விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் இயங்கிய நாத்திகம் வேறு வகையினது. 1878 முதல் 1888 வரை செயல்பட்ட சென்னை லௌகிக சங்கம் இங்கிலாந்தின் நாத்திகர் சார்லஸ் பிராட்லாவை முன்மாதிரியாகக் கொண்டது. அச்சங்கத்தின் ‘தத்துவவிவேசினி’ இதழ் 1882 முதல் படைப்பு, ஆன்மா, மறுபிறப்பு ஆகியவற்றைச் சான்று கேட்டு விசாரித்தது. கடவுள் உண்டா என்பதே அதன் முதற்கேள்வி. 1925-க்குப் பின் எழுந்த சுயமரியாதை இயக்கம் இக்கேள்வியைக் கைவிடவில்லை. ஆனால் அதன் எடையை மாற்றி வைத்தது: கடவுளின் பெயரால் யார் உயர்ந்தார், யார் தாழ்த்தப்பட்டார் என்பதே அதன் உயிர்நாடி.

அர்ச்சகர் சிக்கல் இதை நன்றாகக் காட்டுகிறது. பெரியார் தம் இறுதி ஆண்டுகளில் முன்னெடுத்தது கோயிலை மூடும் போராட்டமன்று, கருவறைக்குள் அனைத்துச் சாதியினரும் நுழையும் உரிமைக்கான போராட்டம். அதன் விளைவாக 1970-இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. 1972-இல் அதை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆயினும் நியமனம் ஆகமத்தை மீறக்கூடாது என்று கட்டுப்பாடும் விதித்தது. 2006-இல் அரசு மீண்டும் முயன்று ஆறு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளை அமைத்தபோது, சைவப் பள்ளிகளுள் ஒன்று திருவண்ணாமலைக்கு வந்தது. கடவுள் இல்லை என்ற மரபின் வழிவந்த ஆட்சி, கடவுளுக்குப் பூசை செய்யக் கற்றுக்கொடுத்தது. இதை முரண் என்று எள்ளுவோர் உண்டு. உரிமையை மையமாகக் கொண்ட நாத்திகத்துக்கு இது முரணே அன்று. சுயமரியாதைத் திருமணத்தின் கதையும் அத்தகையதே: 1967-இல் அதற்குக் கிடைத்த சட்ட ஏற்பு, இந்துத் திருமணச் சட்டத்துக்குள் 7-அ என்னும் பிரிவாகவே சேர்க்கப்பட்டது. மந்திரம் வேண்டாம் என்று மணந்தவரும் சட்டத்தின் கண்ணில் இந்துவாகவே மணந்தார்.

இந்த ஏற்பாட்டில் பெரும்பாலோர் வசதியாக வாழ்ந்தனர். கழகக் கொடி கட்டிய வீட்டிலிருந்து பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போவதில் அவர்களுக்கு மனச்சங்கடம் இல்லை. அண்ணா திருமூலர் வழியில் ‘ஒருவனே தேவன்’ என்ற நிலைக்கு நகர்ந்தது இதற்கு இடமும் கொடுத்தது. நகரை ஒட்டிய வேங்கிக்காலில் இதே கலப்பு நிர்வாக வடிவில் நிற்கிறது. மதச்சார்பற்ற அரசின் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கே வேலூர் சாலையில் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்குப் பேருந்து, குடிநீர், கூட்டக் கட்டுப்பாடு என ஆண்டுதோறும் திட்டம் வகுப்பதும் அதன் வேலையே. அங்குப் பணிபுரியும் ஊழியரின் சொந்த நம்பிக்கை எதுவாயினும் தீபத்தன்று அவருக்குப் பணி உண்டு.

தவித்தவர் வேறொருவர்: உரிமைச் சிக்கல் தீர்ந்த பிறகும், உண்மையில் கடவுள் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டவர். அவருக்கு நாத்திகத் தரப்பும் பக்தித் தரப்பும் அதிகம் தரவில்லை. பகத்சிங்கின் நாத்திக நூலை 1930-களில் தமிழாக்கிய பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் பின்னாளில் கம்பனில் தோய்ந்தார், நாத்திகத்தை விட்டுவிடவில்லை. இலக்கியத்தை அவர் கடவுளிடமிருந்து பிரித்தெடுத்துக்கொண்டார். கவிஞர் கண்ணதாசன் எதிர்த்திசையில் நடந்தார். திராவிட இயக்கத்திலிருந்து விலகியபின் பத்துப் பாகங்களாக அவர் எழுதிய ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ லட்சக்கணக்கானோரை எட்டியது. ஆனால் அந்நூலின் பெரும்பகுதி கடவுளின் இருப்பை நிறுவ முயலவில்லை. தாலி, நோன்பு, சகுனம், கர்மம் என வழக்கங்களுக்குப் பொருள் சொன்னது. பழைய தோழர்கள் வழக்கங்களைத் தாக்கினர், அவர் வழக்கங்களைக் காத்தார், களம் ஒன்றே.

இருப்பைப் பற்றிய கேள்வியை நேரில் எதிர்கொண்ட இடம் கிரிவலம் வரும் அதே மலையில்தான் இருந்தது. 1896 செப்டம்பர் 1-ஆம் நாள் அங்கு வந்த இளைஞர் வேங்கடராமன் பூணூலைக் களைந்தார், குடுமியை மழித்தார். பின்னர் ரமணர் எனப்பட்ட அவரிடம், வருவாய்த்துறை ஊழியர் சிவப்பிரகாசம் பிள்ளை 1902-இல் விருபாட்சி குகையில் கேட்ட கேள்விகளும், ரமணர் எழுத்தால் தந்த விடைகளுமே ‘நான் யார்?’ என்னும் சிறுநூலாயின. கடவுள் உண்டா என்று வந்தோரிடம், ஐயுறுபவர் யார் என்று முதலில் பார்க்கச் சொல்வது அவர் வழி. நம்பிக்கையை நுழைவுக் கட்டணமாகக் கேட்காத முறை அது. எனவே பக்தராகவோ மறுப்பவராகவோ தம்மை அறிவிக்க இயலாதவரும் அங்கே உட்கார முடிந்தது.

எனினும் அதை நாத்திகருக்கான விடையாகக் கொள்வது மிகை. உலகைப் படைத்த ஒருவர் உண்டா என்ற கேள்விக்கு, கேட்பவரின் உள்ளே திரும்புமாறு சொல்வது விடையாகாது. கேள்வியின் இடத்தை மாற்றுவதே ஆகும். சான்று கேட்ட தத்துவவிவேசினிக்காரர் இதை ஏற்றிருக்கமாட்டார். சுயமரியாதைக்காரருக்கு வேறொரு குறை தென்படும்: உள்விசாரணை சேரியின் நிலையை மாற்றாது. ரமணரின் வழியில் ஐயத்துக்கு இடம் உண்டு, நீதிக்கான கேள்விக்கு இடம் குறைவு. திராவிட இயக்கத்தில் நீதிக்கு இடம் உண்டு, தனித்திருந்து ஐயுறுபவருக்கு இடம் குறைவு. அவ்வியக்கம் திருமணத்துக்குச் சுயமரியாதை மணத்தையும் சாவுக்குப் படத்திறப்பையும் வகுத்தது. ஆனால் நெடுநாள் நோயில் கிடக்கும் பெற்றோர் கோயில் திருநீறு கேட்கையில், மறுப்பாளரான மகன் அதை வாங்கிவந்து பூசுவதா என்பதற்கு எந்த மேடையிலும் முறை வகுக்கப்படவில்லை. அது அவரவர் வீட்டு முடிவாகவே இருக்கிறது.